ஒரு சொட்டுக்கூட ஒழுகாத குழாய்

பிளம்பர் வேலை தெரியாதவன் குழாயைத் தொடக் கூடாது என்று சட்டம் எதுவும் இல்லாததால், இஷாக் வாசல் குழாய்க்கு முன்னால் ஸ்பேனரோடு குத்தவைத்து உட்கார்ந்திருந்தான்.

குழாய் இறுக்கமாகத்தான் மூடியிருந்தது. ஆனாலும் கீழே மண் தெறிக்காமலிருக்கக் கவிழ்த்து வைத்த எண்ணெய் டின்னின் மேல் டொங்... டொங்... என்று சொட்டிக்கொண்டிருந்தது.

"அத விடுப்பா. பிளேன்ல வந்த களைப்பே இன்னும் தீரல," என்றாள் அம்மா குர்ஷித் பேகம்.

ஷார்ஜாவில் இருந்துகொண்டு இரண்டு வருஷம் போனிலேயே வீட்டைப் பற்றிக் கவலைப்பட்டவனுக்கு, நேரில் வந்து கவலைப்பட இரண்டு வாரம் லீவு கிடைத்திருந்தது. அதில் ஒரு நிமிஷத்தைக்கூட வீணாக்க அவன் தயாராக இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை தங்கச்சி நஸீராவுக்கு நிச்சயம். மாப்பிள்ளையின் அத்தா ஜெகபர் அலி, ஒட்டன்சத்திரத்தில் குழாய்க் கடை வைத்திருப்பவர். போன வருஷம் வேறொரு பெண் வீட்டில் குழாய் ஒழுகுவதைப் பார்த்து, 'பொறுப்பில்லாத குடும்பம்' என்று டீயைக்கூடத் தொடாமல் எழுந்து போனாராம்.

"இந்தச் சம்பந்தமே ஒரு வாஷர்லதேன் நிக்குது, தெரியுமா?" என்றான் இஷாக்.

"தண்ணி நிக்கட்டும்ப்பா, பெறகு பாரு."

அந்தத் தெருவில் வாசல் குழாய்களுக்குப் பத்து நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர். எப்போது வரும் என்று திறந்துவிடுகிறவருக்கே தெரியாது. பக்கத்து வீட்டுக் காளியம்மாளுக்கு மட்டும் தெரிந்துவிடும். "தண்ணி வந்துருச்சேய்ய்!" என்று அவள் கத்தினால் தெருவே குடத்தோடு எழும். அன்று காலையும் கத்தினாள். தன் குடங்களை நிரப்பிக்கொண்டு, சின்னாளபட்டியில் இருக்கும் மகள் வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

போனில் பார்த்த வீடியோவில் வந்தவர் அரைச் சுற்றுத்தான் திருகச் சொன்னார். இஷாக் பாசத்தோடு ஒன்றரைச் சுற்றுத் திருகினான். குழாயின் தலை கையோடு வந்தது. தண்ணீர் பீறிட்டு, பேப்பர் படித்துக்கொண்டிருந்த அத்தா நூர் முகமதுவை நனைத்தது.

"வால்வ அடைடா!"

"எங்கத்தா இருக்கு?"

"அது மேலதேன் போன வருசம் டைல்ஸ் ஒட்டுனோம்."

இஷாக் ஒரு கேரட்டை எடுத்து ஓட்டையில் அடைத்தான். கேரட் நிச்சயத்துக்கு வாங்கியது. அதற்கும் அந்த வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை போல, சுவரைத் தாண்டிப் பறந்தது. டைல்ஸை உடைத்தார்கள். மூன்றாவது டைல்ஸுக்கு அடியில்தான் வால்வு இருந்தது. அதற்குள் தெருவில் இரண்டு ஆடுகள் நின்று நிதானமாகத் தாகம் தீர்த்துவிட்டுப் போயிருந்தன.

பிளம்பர் மலைச்சாமி வந்தார். எல்லா பிளம்பரும் முதலில் கேட்பதைக் கேட்டார்.

"யாரு கை வச்சது?"

"யாரும் வைக்கலண்ணே," என்றான் இஷாக், ஸ்பேனரை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு.

மலைச்சாமி பழைய குழாயைத் திருக, சுவருக்குள் இருந்த பைப் பொட்டென்று முறிந்தது. சுவரை உடைத்தார். சுவர் தாராளமாக, கேட்டதற்கு மேலேயே விழுந்தது.

"செத்த நேர வேலைன்னு சொன்னீகளே?"

"செத்த நேரத்துலதேன தம்பி இம்புட்டும் ஆச்சு?"

மூன்று நாள் பூச்சு வேலைக்குப் பிறகு, வாசலில் கண்ணாடி மாதிரி ஒரு புதுக் குழாய் மின்னியது. பழைய குழாயையும் அந்த எண்ணெய் டின்னையும் பழைய இரும்புக்காரரிடம் போட்டான் இஷாக். வீட்டில் இப்போது அப்படியொரு அமைதி.

அன்று வந்த தண்ணீர் தெருவுக்குப் போனதில், தொட்டிதான் பாதிகூட நிரம்பவில்லை. அத்தா ஒரு சொம்பில் குளித்தார். நஸீரா முகம் கழுவ அனுமதி கேட்டாள். அம்மா மட்டும் அசரவில்லை.

"காளியம்மா ஊருலருந்து வந்துட்டாக. தண்ணி வந்தாக் கத்த மாட்டாகளா?"

வியாழன் முழுக்கக் காளியம்மாள் கத்தவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் தொட்டியில் தரை தெரிந்தது. அண்டா போலப் பிரியாணி தேக்ஸா வந்தது. வேன் வந்தது. நாற்பது பேர் இறங்கினார்கள்.

ஜெகபர் அலி வீட்டுக்குள் நுழையவில்லை. நேராகக் குழாயிடம் போனார். குனிந்து பார்த்தார். அடியில் விரலைத் தடவினார். காய்ந்த விரலை எல்லோருக்கும் காட்டினார்.

"ஏனுங்க தம்பி, நீங்க மாட்டுனதுங்களா?"

"ஆமாங்க மாமா." இஷாக்குக்கு இரண்டு வருஷத்தில் முதல்முறையாகக் கவலை தீர்ந்தது.

கால் கழுவ அவர் குழாயைத் திறந்தார். உஸ்ஸ் என்று காற்று வந்தது.

"மூடுனா ஒழுகாத குழாய் நான் ஆயிரம் வித்திருக்கேனுங்க. தொறந்தாலும் ஒழுகாத குழாயை இன்னைக்குத்தான் பாக்குறேன்."

மாப்பிள்ளை வீட்டார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நஸீரா ஜன்னல் திரையை இழுத்து மூடினாள்.

"இந்தத் தெருவுக்கு இன்னும் தண்ணி வரலங்க," என்று அத்தா இழுத்தார்.

பிரியாணிக்கு முதல் ஆளாக வந்திருந்த மலைச்சாமி நிமிர்ந்தார். "வரலயா? நேத்து மத்தியானமே வந்து ரெண்டு மணி நேரம் போச்சே. அடுத்த தெருவுல அம்புட்டுப் பேரும் பிடிச்சாகளே!"

அம்மா சுவரோரம் ஓடினாள். "ஏ காளியம்மா! தண்ணி வந்தத ஒரு வார்த்தை கத்தியிருக்கக் கூடாதா? நீ கத்துவன்னுதேன தெருவே உக்காந்திருக்கு!"

காளியம்மாள் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தாள். குழாய் இருந்த இடத்தையும், டின் இருந்த இடத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எனக்கென்ன சோசியமா தெரியும்? ஒங்க குழா ஒழுகி டின்னுல டொங்கு டொங்குன்னு விழுகுறதக் கேட்டுத்தேன் நான் பன்னெண்டு வருசமாக் கத்துறேன்!"