பீல் பண்ணிய மாப்பிள்ளை

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அந்த மயிலாப்பூர் வீட்டு ஹாலில் இருந்தவர்கள்: அம்மா ஜானு, மூக்கைச் சிந்திக்கொண்டு. அப்பா கபாலி, சட்டை போடாமல், கையில் ஸ்க்ரூ டிரைவரோடு. எதிர் வீட்டு அன்வரி பேகம், சர்க்கரை வாங்க வந்தவர், கிண்ணத்தைக் கீழே வைக்காமல். மேஜைமேல் பெண் வீட்டுக்குக் கொண்டுபோக வாங்கிய பூ, பழம், ஒரு கிலோ மைசூர்பாகு.

பெட்ரூமில், உள்ளே தாழ்ப்போட்டுக்கொண்டு, மாப்பிள்ளை அறிவு. அவன் மூஞ்சி உரிந்துகொண்டிருந்தது.

"கதவத் தெற நைனா," என்றாள் ஜானு. "பதினோரு மணிக்குக் கொட்டிவாக்கத்துல இருக்கணும். இன்னாடா ஆச்சு உனக்கு?"

"பீல் பண்ணிட்டேம்மா," என்றான் அறிவு, வாயை முழுதாகத் திறக்காமல். திறந்தால் கன்னம் பிளந்துவிடும்போல் இழுத்தது.

"எப்பலேர்ந்து?"

"புதன்கெழமைலேர்ந்து. வெளிய தெரியாதுன்னு நெனச்சேன். இன்னிக்கி ஜாஸ்தியாயிடுச்சு."

விஷயம் இதுதான். அறிவுக்கு இருபத்தொன்பது வயது. தேனாம்பேட்டையில் லிஃப்ட் ரிப்பேர் பார்க்கும் கம்பெனியில் வேலை. ஒரு நாளைக்குப் பத்து லிஃப்ட் என்றால் பத்துக் கண்ணாடி. பதினாறு வயதில் வந்த பரு போகும்போது குழிகளை விட்டுவிட்டுப் போயிருந்தது. கன்னம் இரண்டும் அம்மி கொத்தின மாதிரி. மூன்று பெண் வீட்டார் போட்டோவைப் பார்த்துவிட்டு ஜாதகம் பொருந்தவில்லை என்றார்கள். அவர்களுக்கு ஜாதகமே அனுப்பவில்லை.

நான்காவது தமிழ்நிலா. போட்டோவைப் பார்த்த பிறகும் "வாங்க" என்று சொன்ன ஒரே வீடு. அவள் போட்டோவை அவன் போனில் எத்தனை முறை பெரிதாக்கிப் பார்த்தான் என்பது போனுக்குத்தான் தெரியும். இவளை விட்டால் இனி யாரும் இல்லை என்று முடிவு கட்டியிருந்தான்.

எனவே தி. நகரில் ஒரு தோல் கிளினிக்குக்குப் போனான். டாக்டர் வர்ஷினி மூஞ்சியில் ஒரு மருந்தைப் பூசி, விசிறிக்கொண்டே நிமிஷம் எண்ணினார். மேல்தோல் கருகி உரியும், அடியிலிருந்து புதுத்தோல் வரும், ஆறு தடவை செய்தால் குழியெல்லாம் மட்டுப்படும் என்றார். கெமிக்கல் பீல். பெண் பார்ப்பது அடுத்த மாதம்தான் என்ற தைரியத்தில் செய்துகொண்டான். அன்று சாயங்காலமே பெண் வீட்டிலிருந்து போன்: "இந்த ஞாயித்துக்கெழமையே வந்துடுங்க."

இப்போது பேசினால் வலித்தது. அறிவு ஒரு லிஃப்ட் சர்வீஸ் பில்லின் பின்பக்கம் விவரமாக எழுதி, கதவுக்கு அடியில் தள்ளினான்.

கபாலிக்குக் கண்ணாடி அகப்படவில்லை. ஜானுவுக்கு அழுகையில் எழுத்துத் தெரியவில்லை. அன்வரி பேகம் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுப் படித்தார்.

"பீல் பண்ணதுதான். பயப்பட ஒன்றும் இல்லை. ஒரு வாரத்துக்கு வெளிச்சம் ஆகாது. இதற்கு டாக்டர் வர்ஷினியைத் திட்ட வேண்டாம். நான் ஆசைப்பட்டுத்தான் போனேன். இன்னும் ஐந்து தடவை போவேன்."

அன்வரி பேகத்துக்கு வீட்டுப் பேச்சு உருது. அவர் வாயில் 'ப' வேறு, 'ஃப' வேறு. அறிவு எழுதியிருந்த தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்துதான். அவர் யோசித்து, சரியான உச்சரிப்பை எடுத்துக் கொடுத்தார்.

"ஃபீல், ஜானும்மா! புள்ள ஃபீல் பண்ணுது. லவ்வு!"

ஜானு அழுகையை நிறுத்தினாள்.

"டாக்டர் பொண்ணா?" என்றார் கபாலி. "இந்த மூஞ்சிக்கா?" மகனைப் பற்றிப் பேசும்போது அவர் குரலில் மரியாதை வந்தது அதுதான் முதல் முறை.

ஜானு கதவில் வாயை வைத்தாள். "அவ இன்னாடா பண்ணா உன்ன?"

"எரியும்னு மொதல்லயே சொன்னாங்கம்மா. நான்தான் பரவால்ல, இன்னும் கொஞ்சம் ஆழமா பண்ணுங்கன்னேன்."

"ஐயோ! உன்ன மட்டுமா, இல்ல ஊருல எல்லாரையும் இப்டித்தான் பண்றாளா?"

"மாசத்துக்கு நாப்பது அம்பது பேர் வராங்கம்மா. ஆம்பள, பொம்பள, எல்லாரும்."

அன்வரி பேகம் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். பொத்தினாலும் கேட்கிற மாதிரித்தான் பொத்தினார்.

"கையெழுத்து கிய்யெழுத்து எதுனா போட்டியாடா?" என்றார் கபாலி.

"போட்டேம்பா. போடாம அவங்க தொடவே மாட்டாங்க."

கபாலி ஸ்க்ரூ டிரைவரோடு கதவின் கீல் மேல் பாய்ந்தார். இரண்டு ஸ்க்ரூ கழன்று விழுந்தது. வீட்டைப் பிரித்துவிடுவார் என்று பயந்து அறிவு தாழ்ப்பாளை நீக்கி வெளியே வந்தான். பார்த்தால் புரிந்துவிடும் என்பது அவன் கணக்கு.

நெற்றி பழுப்பு. கன்னம் சிவப்பு. மூக்கின் இரண்டு பக்கமும் பழைய சுவரொட்டி மாதிரி தோல் தொங்கியது.

"அழுது அழுது மூஞ்சியே உரிஞ்சி போச்சே!" ஜானு அலறிக்கொண்டு தேங்காயெண்ணெய் பாட்டிலைத் தூக்கினாள்.

"கை வெக்காத!" அறிவு சுவரோடு ஒட்டிக்கொண்டான். "யாரும் தொடக்கூடாது!"

"பாத்தீங்களா?" என்றார் அன்வரி பேகம் தழுதழுத்து. "அவ தொட்ட கன்னமாம். பெத்த தாயிகூட தொடக்கூடாதாம்."

அறிவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். சிரிப்பை அடக்கியதில் கண்ணில் தண்ணீர் வழிந்தது. அதைப் பார்த்து ஜானுவும் அன்வரி பேகமும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். அவன் மறுபடி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

ஜானு நேர்மையானவள். "இன்னொரு வூட்டுப் பொண்ணு வாழ்க்கைய பாழாக்கக் கூடாது," என்று சொல்லிக்கொண்டே கொட்டிவாக்கத்துக்கு போன் போட்டாள். அவளுக்கு ஸ்பீக்கரில் மட்டும்தான் பேசத் தெரியும். பெண்ணின் அத்தை அபயாம்பாள் எடுத்தார். தாய் இல்லாத பெண்ணை வளர்த்தவர் அவர்தான்.

"மன்னிச்சிக்கோங்க," என்றாள் ஜானு. "எங்க பையன் பீல்ல கீறான். ரூம வுட்டு வர மாட்றான்."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு.

"உங்ககிட்ட மறைக்க இன்னா கீதும்மா. எங்க தமிழும் பீல்தான். அவளும் ரூம வுட்டு வரல. லைட்டு போட்டா அணைக்கிறா. சாப்புட வாயே தொறக்க மாட்றா. கண்ணு கன்னமெல்லாம் செவந்து கெடக்குது."

கதவுக்கு அந்தப் பக்கம் அறிவு துள்ளினான்.

அவளுக்கும் பீல்! வெளிச்சம் ஆகவில்லை, வாய் திறக்க முடியவில்லை, சிவந்திருக்கிறது. எல்லாம் டாக்டர் வர்ஷினி கொடுத்த காகிதத்தில் போட்டிருந்தபடியே! போட்டோவில் கன்னம் வழவழவென்று இருந்ததே? ஃபில்டர் போட்டிருப்பாள். பாவம். இத்தனை நாள் அவளும் கண்ணாடியைப் பார்த்துத் தலையைத் திருப்பிக்கொண்டிருந்திருக்கிறாள். இப்போது பார்க்காமல் எப்போது பார்ப்பது? நேராகப் போய் இந்த மூஞ்சியைக் காட்டிவிட வேண்டியதுதான்.

ஐந்தே நிமிஷத்தில் அறிவு தயாரானான். கறுப்புக் கண்ணாடி வைத்த பெரிய ஹெல்மெட். முழங்காலுக்குக் கீழே தொங்கும் அப்பாவின் ரெயின்கோட். கைக்குக் கிளவுஸ்.

"எங்கடா?"

"கொட்டிவாக்கம்!"

"இந்தக் கோலத்துலயா?" என்றாள் ஜானு.

"வுடு ஜானு," என்றார் கபாலி. "ஒருத்திய மறக்க இன்னொருத்தியப் பாக்கப் போறான். நல்ல புத்தி வந்துட்ச்சி."

அடையாறு பாலத்தில் வெயில் கொளுத்தியது. சிக்னலில் பக்கத்து ஆட்டோக்காரர் ரெயின்கோட்டைப் பார்த்துவிட்டு வானத்தைப் பார்த்தார். அறிவுக்கு எதுவும் உறைக்கவில்லை. ஹெல்மெட்டுக்குள் பாடிக்கொண்டே போனான். உதடு அசையாமல் பாடினான்.

கொட்டிவாக்கத்தில் அபயாம்பாள் கதவைத் திறந்தார்.

"மாப்ளயா? மழையா பெய்யுது?"

"வெயிலுங்க. ஹெல்மெட்ட இங்க கழட்ட முடியாது. ஜன்னல் வழியா வெளிச்சம் வருது. அவங்கள ஒரு நிமிஷம் பாக்கணும்."

அபயாம்பாள் அவனை மேலும் கீழும் பார்த்தார். பிறகு அவர் கண் கலங்கியது. "போய்ப் பேசுங்க தம்பி. ரெண்டு பேருக்கும் ஒரே கஷ்டம். பேசினா ஆறும். நான் காபி போட்டு எடுத்தாறேன்."

அறைக் கதவு வெளிப்பக்கம் தாழ்ப்போட்டிருந்தது. தவறிப்போய் வெயிலுக்கு வந்துவிடக் கூடாதென்று! எவ்வளவு அக்கறையான குடும்பம் என்று அறிவு நினைத்துக்கொண்டான்.

உள்ளே திரைகள் இழுத்துவிட்டு இருட்டாக இருந்தது. கட்டிலில் துப்பட்டாவால் கண்வரை மூடிக்கொண்டு தமிழ்நிலா. எழுந்து நின்றாள். கிட்டத்தட்ட அவன் உயரம்.

"நானும் பீல்தான்," என்று சொல்லி அறிவு ஹெல்மெட்டைக் கழற்றினான்.

அவள் அந்த மூஞ்சியையே பார்த்தாள். பயப்படவில்லை. அருவருக்கவில்லை. "இவ்ளோ பீல் பண்ணியிருக்கீங்களா!" என்றாள் மரியாதையாக.

அறிவுக்கு நெஞ்சு நிரம்பிவிட்டது. "நாலு நாளாச்சு. உங்களுக்கு?"

"நாலு மாசம்."

நாலு மாசமாக ஆறாத பீல்! எவ்வளவு ஆழமாகப் பண்ணியிருப்பார்கள்! "எரியுதாங்க?"

"உள்ளுக்குள்ளயே எரியுது."

"எனக்கு டாக்டர் வர்ஷினி. தி. நகர்ல. உங்களுக்கு யாரு?"

"ஜவஹர்." பெயரைச் சொல்லும்போதே அவளுக்குக் கண் தளும்பியது.

"எங்க உக்கார்றாரு?"

"திருவான்மியூர் பஸ் டிப்போ எதிர்ல. இப்பகூட அங்கதான் உக்காந்திருப்பாரு. எனக்காக."

ஞாயிற்றுக்கிழமையிலும் பேஷண்டுக்காக உட்காருகிறார். கைராசிக்காரராகத்தான் இருக்க வேண்டும். "அப்ப உடனே போய்க் காட்டுங்க! நாலு மாசம்னா சும்மா வுடக்கூடாது."

அவள் அவனை நம்ப முடியாமல் பார்த்தாள். "நெஜமாவா சொல்றீங்க? வெளிய எப்டி..."

"வெயில்தானே? இந்தாங்க ஹெல்மெட். இந்தாங்க கோட்டு, கிளவுஸ். ஒரு பொட்டு வெயில் படாது. பைக் ஓட்டுவீங்களா?"

"ஜவஹர் கத்துக் குடுத்திருக்காரு."

டாக்டர் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்! அறிவு சாவியையும் கொடுத்தான். அவள் துப்பட்டாவோடு சேர்த்து ரெயின்கோட்டை மேலே மாட்டிக்கொண்டாள்.

"நீங்க அந்தப் போர்வைய முழுசா போத்திக்கினு படுத்துக்கோங்க," என்றாள். "உங்களுக்கு வெளிச்சம் ஆகாதுல்ல. யார் கூப்ட்டாலும் பேசாதீங்க."

"பேசக் கூடாதுன்னுதான் டாக்டரும் சொல்லியிருக்காங்க."

"ரொம்ப நல்லவருங்க நீங்க." ஹெல்மெட்டோடு கைகூப்பினாள்.

அறிவு படுத்துப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டான். தலையணையில் மல்லிகை வாசனை. வெளியே அவன் பைக் ஒரே உதையில் கிளம்பியது. அவனுக்கே மூன்று உதை ஆகும். திறமைக்காரி! கல்யாணத்துக்குப் பிறகு இருவருமாக ஒரே நாளில் பீல் பண்ணிக்கொண்டு, ஒரே இருட்டறையில் ஒரு வாரம் பேசாமல் உட்கார்ந்திருக்கலாம். போர்வைக்குள் அவன் சிரித்தேவிட்டான். கன்னம் பிய்ந்தது. பரவாயில்லை.

டம்ளர் சத்தத்தோடு காலடி வந்தது. அறை வாசலில் நின்றது. கதவு சாத்தப்பட்டது.

"மாப்ள கெளம்பிட்டாருடி தமிழு," என்றார் அபயாம்பாள் வெளியிலிருந்து. "அந்த ஜவஹர் பயல நெனச்சி நீ பீல் பண்ணதெல்லாம் போதும். தாலி ஏர்ற வரைக்கும் இந்த ரூம வுட்டு நீ வெளிய வர முடியாது."

தாழ்ப்பாள் விழுந்தது. அதன்மேல் ஒரு பூட்டும் விழுந்தது.