பாதாளக்காரரைப் பற்றி மாப்பிள்ளைக்கு

மதிப்பிற்குரிய மாப்பிள்ளைக்கு,

உங்கள் மாமனார் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சுகமாக இருக்கிறோம். அத்தையின் இடது குதிகாலை மட்டும் இதில் சேர்க்க வேண்டாம், அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அங்கே நீங்களும் எங்கள் மகளும் பேத்தியும் தலைவலி காய்ச்சல் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் ஆகாதா, கடிதம் எதற்கு என்று நீங்கள் நினைக்கலாம். போனில் நான் இரண்டு வாக்கியம் பேசுவதற்குள் உங்கள் அத்தை பிடுங்கிக்கொண்டு மீதியைச் சொல்லிவிடுகிறாள். நடந்ததை நான் சொல்லியும் ஒருவர் கேட்க வேண்டும்.

எங்கள் கல்யாண நாளுக்கு நீங்கள் அன்போடு அனுப்பியிருந்தீர்களே, பழைய நகரத்துக் கதைகளையும் மனிதர்களையும் சொல்லிக்கொண்டே நடத்திக் கூட்டிப்போகும் காலை நடைக்கு இரண்டு டிக்கெட், அதைப் பற்றித்தான். பிறந்து வளர்ந்த ஊரை எனக்கே ஒருவர் சுற்றிக் காட்டுவதா என்று முதலில் சிரிப்புதான் வந்தது. முப்பத்து நான்கு வருஷம் குடிநீர் இலாகாவில் இருந்தவன் நான். ஊரின் மேல்பக்கம் மற்றவர்களுக்குத் தெரியும் என்றால் அடிப்பக்கம் எனக்குத் தெரியும். எந்தத் தெருவில் எத்தனை அங்குலக் குழாய், எந்த முனையில் வால்வு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். ஆனாலும் மாப்பிள்ளை அனுப்பியதை வேண்டாம் என்று சொல்வது மரியாதையில்லை என்பதாலும், உங்கள் அத்தை அதற்கென்றே புதுச் செருப்பு வாங்கிவிட்டதாலும் ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்கு மணிக்கூண்டடியில் போய் நின்றோம்.

என்னைத் தவிரப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். வழிகாட்டி ஒரு சின்னப் பெண், எங்கள் மகள் வயதுதான் இருக்கும், கையில் சிவப்புக் குடை. மழையும் இல்லை வெயிலும் இல்லை, அந்தக் குடையைப் பார்த்து நாங்கள் பின்னால் வர வேண்டுமாம். எல்லோர் நெஞ்சிலும் விலைச்சீட்டு மாதிரி ஒரு வட்டத் தாளை ஒட்டினாள். பேச ஆரம்பித்தாள் பாருங்கள், என்ன குரல்! முதலில் சந்தைக்கு எதிரே இருக்கும் கல் சிங்கத்தின் முன் நிறுத்தினாள். பொய் சொல்கிறவர்கள் யாராவது கடந்து போனால் அந்தச் சிங்கத்தின் வாயிலிருந்து தண்ணீர் வருமாம். ஒரு காலத்தில் வியாபாரிகள் இதற்குப் பயந்து பின்தெரு வழியாகத்தான் போவார்களாம். எனக்கு நாக்கு துறுதுறு என்றது. பதினேழாம் நம்பர் வால்வைத் திறந்தால் அந்த வாயில் தண்ணீர் வரும், திறந்தவன் நான். சொல்லப் போகிறேன் என்று எப்படித்தான் தெரிந்ததோ, உங்கள் அத்தை என் முழங்கையில் ஒரு கிள்ளு கிள்ளினாள்.

இரண்டாவது இடத்தில் கிள்ளு பலிக்கவில்லை. தையற்காரர் சந்தில் ஒரு பழைய மதில். போருக்குப் போன கணவனுக்காக ஒரு தையற்காரி அதில் சாய்ந்தே காத்திருந்து அழுது உயிரை விட்டாளாம், அன்று முதல் கோடையிலும் அந்தச் சுவர் காய்ந்ததே இல்லையாம். அந்தப் பெண் அதைச் சொன்ன விதத்தில் நானே ஒரு நிமிஷம் நம்பிவிட்டேன். புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி ஈரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அதைப் பார்த்ததும் பொறுக்கவில்லை. "அது கண்ணீர் இல்லம்மா. நாலு அங்குலக் குழாய், முழங்கை இணைப்புல கசிவு. நான் ரெண்டு தடவை ரிப்போர்ட் எழுதிக் குடுத்திருக்கேன்" என்று சொல்லிவிட்டேன். புதுமாப்பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டே, "சார், அது நல்ல தண்ணிதானே?" என்றார். "குடிக்கிற தண்ணிதான், பயப்படாதீங்க" என்று ஆறுதல் சொன்னேன்.

அதற்குப் பிறகு கூட்டம் குடையைப் பார்ப்பதை விட்டுவிட்டு என்னைப் பார்க்க ஆரம்பித்தது. அந்தப் பெண் ஒரு கதையை முடித்தால் பன்னிரண்டு தலையும் என் பக்கம் திரும்பும். "சார் என்ன சொல்றீங்க?" என்று கேட்பார்கள். நானும் கேட்டால் சொல்லாமல் இருக்கலாமா என்று, ராணியின் ரகசியச் சுரங்கம் மழைநீர் வடிகால் என்றும், இரவில் மூச்சுவிடும் கிணறு காற்றுக்குழாய் என்றும் சொல்லிக்கொண்டே வந்தேன். சொல்லச் சொல்ல அந்தப் பெண்ணின் குரல் இறங்கிக்கொண்டே போனது, குடையும் இறங்கியது. கடைசியில் ஒரு படிக்கட்டில் மற்றவர்களை முன்னால் அனுப்பிவிட்டு என்னிடம் வந்தாள்.

"ஐயா, நீங்க சொல்றது எல்லாம் உண்மையா இருக்கலாம். ஆனா எனக்கு இன்னிக்குப் பரீட்சை. அதோ, கடைசியில தொப்பி போட்டு எழுதிக்கிட்டே வர்றாரு பாருங்க, அவர்தான் எங்க முதலாளி. அவர் சரின்னாத்தான் இந்த வேலை நிலைக்கும். இன்னும் ஒரே ஒரு இடம்தான் பாக்கி."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன் மாப்பிள்ளை. அவள் கெஞ்சலாகச் சொன்னாள். உங்கள் அத்தை அவள் போகும்வரை காத்திருந்து, "பென்ஷன் வாங்கின பிறகும் அந்தப் பொண்ணு பொழப்புல தண்ணியைத் திறந்து விட்டுட்டீங்களே, திருப்தியா?" என்றாள். இனிமேல் வாயைத் திறப்பதில்லை என்று அந்தப் படிக்கட்டிலேயே முடிவு செய்தேன்.

கடைசி இடம் விளக்குக்காரர் சந்து. இருபுறமும் நெருக்கமான வீடுகள், நடுவில் பாதையில் ஒரு வட்ட இரும்பு மூடி. குடைக்காரப் பெண் அதைச் சுற்றி எங்களை நிறுத்தினாள். "இதுதான் பாதாளக்காரர் வர்ற வாசல்" என்று ஆரம்பித்தாள். விடியும் நேரத்தில் பூமிக்கு அடியிலிருந்து இரும்பில் தட்டுவது போல மூன்று சத்தம் கேட்குமாம். பிறகு ஒரு பாட்டு, கல்லும் கரையும் குரலாம். தலையில் ஒளி எரிய ஓர் உருவம் மேலே எழும்பி, யாருக்கும் முகம் காட்டாமல் சந்து திரும்பி மறைந்துவிடுமாம். தட்டுகிற சத்தம் யார் காதில் விழுகிறதோ அந்த வீட்டுக்கு அன்று கெடுதல் வராதாம்.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஏனென்றால் மாப்பிள்ளை, அது நான்.

பதினொரு வருஷம் அந்த வால்வுக் குழியில் விடியற்காலையில் இறங்கினவன் நான். யாரும் தவறி விழாதபடி மேலே மூடிவைப்பார்கள், வேலை முடிந்தால் வால்வு திருகும் இரும்புச் சாவியால் மூடியில் மூன்று தட்டு தட்டுவேன், மேலே இருக்கிற சக ஊழியர் திறந்துவிடுவார். தலையில் எரிந்தது தலைவிளக்கு. பாட்டு பாடியது உண்மைதான், கீழே தனியாக இருக்க எனக்குப் பயம். உங்கள் அத்தைக்கும் எல்லாம் விளங்கிவிட்டது. "கல்லும் கரையும்" என்ற இடத்தில் அவளுக்குச் சிரிப்பு பீறிட்டு, செருப்பு கடித்த காலோடு பக்கத்து வீட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து குளியலறையில்கூட என்னைப் பாட விடாதவள்.

அப்போது அந்த வீட்டின் மாடி ஜன்னல் திறந்தது. வயதான ஓர் அம்மாள் எட்டிப் பார்த்து, "என்ன சிரிப்பு? நான் பார்த்திருக்கேன் அவரை! பனைமரம் உசரம் இருப்பாரு!" என்றார். என் உயரம் உங்களுக்குத் தெரியும். பிறகு அந்த அம்மாள் குரலை இறக்கிக்கொண்டு சொன்னதை நான் அப்படியே எழுதுகிறேன்: "புதுப் பாலம் திறந்த வருஷம். விடியல்ல நல்ல தூக்கம். டங், டங், டங்குன்னு மூணு தடவை. யாருடா இதுன்னு திட்டிக்கிட்டே எழுந்தேன். பார்த்தா அடுப்பறை முழுக்கப் புகை, பசங்க ரெண்டு பேரும் பக்கத்து அறையில தூங்குறாங்க. வாரிச் சுருட்டிக்கிட்டு ஓடி வந்தேன். அவங்க ரெண்டு பேரும் இன்னிக்குப் பிள்ளைகுட்டியோட இருக்காங்க. யாருன்னு தெரிஞ்சா ஒரு வாய் காப்பியாவது குடுத்திருப்பேன்."

பிறகு வழக்கம் போலப் பன்னிரண்டு தலையும் என் பக்கம் திரும்பியது. புதுமாப்பிள்ளைதான் கேட்டார்: "சார், இது என்ன சார்? இதுக்கும் ஏதாவது குழாய் இருக்கா?"

தொப்பிக்காரர் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். குடைக்காரப் பெண் என் முகத்தைப் பார்க்கவே இல்லை, மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை, முப்பத்து நான்கு வருஷ வேலைக்கு எனக்குக் கிடைத்தது ஒரு சுவர்க்கடிகாரமும், என் பெயரைத் தப்பாக அச்சடித்த ஒரு சான்றிதழும். இரண்டு குழந்தைகளைக் காப்பாற்றினேன் என்று அந்த நிமிஷம்தான் எனக்கே தெரியும். 'நான்தான் அம்மா அது' என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொன்னால் எனக்குக் காப்பி கிடைக்கும், பாதாளக்காரர் செத்துப்போவார், அந்தப் பெண்ணின் வேலையும் அவரோடு போகும்.

"எனக்குத் தெரியாதுங்க. எங்க ரெஜிஸ்டர்ல இதைப் பத்தி ஒண்ணும் இல்லை" என்றேன்.

கூட்டம் ஒரு பெருமூச்சு விட்டது. உங்கள் அத்தை சிரிப்பை நிறுத்தி என்னை ஒரு மாதிரி பார்த்தாள், பெண் பார்க்க வந்த அன்று பார்த்த மாதிரி. குடைக்காரப் பெண்ணின் குடை தானாக மேலே எழும்பியது.

தொப்பிக்காரர் அவளுக்கு வேலையை அங்கேயே நிரந்தரமாக்கிவிட்டார். வழக்கமாகப் பாதி வழியில் நாலு பேர் கழன்றுவிடுவார்களாம், அன்று ஒருவரும் கழலவில்லையாம். "நீ கதை சொல்லு, இவர் மறுத்துப் பேசட்டும், ஜனங்களுக்கு அதான் பிடிக்குது" என்று சொல்லி, வாராவாரம் வர முடியுமா என்று என்னைக் கேட்டார். நான் மறுத்துவிட்டேன். கதைக்கும் நமக்கும் ஒத்து வராது. எது எது என்னவென்று எனக்குத் தெரிந்துவிட்டது, இனி அந்த ஊர்வலத்தில் எனக்குத் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை. ஆகையால் மாப்பிள்ளை, அடுத்த கல்யாண நாளுக்கு டிக்கெட் எதுவும் அனுப்பாதீர்கள், வாழ்த்து போதும்.

உங்கள் உத்தியோகம் மேன்மேலும் உயரட்டும், மகள் மனம் குளிர இருக்கட்டும், பேத்தி நீண்ட ஆயுளோடு நிறையக் கேள்வி கேட்டு உங்களைப் படுத்தட்டும். அத்தையும் தன் ஆசீர்வாதத்தைச் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன் உங்கள் அத்தை இதை வாங்கிப் படித்தாள். படித்துவிட்டு, "புதுப் பாலம் திறந்தப்ப நீங்க எங்க இருந்தீங்க?" என்றாள். யோசித்துப் பார்த்தேன். ஒன்பதாம் வகுப்பில் இருந்தேன், வரிசையில் நின்று கொடி ஆட்டினேன். இலாகாவில் சேர அதற்குப் பிறகு பன்னிரண்டு வருஷம் ஆனது. சரி, எனக்கு முன்னால் இருந்தவர் யாரோ தட்டியிருப்பார் என்று பார்த்தால், அந்தச் சந்தில் அதுவரை குழாயும் இல்லை, குழியும் இல்லை, மூடியும் இல்லை. அந்தக் குழியை வெட்டும்போது பக்கத்தில் நின்று அளவு பிடித்தவனே நான்தான். அப்படியானால் அடியிலிருந்து தட்டியது யார்? மேலே எழுதியதில் எனக்கு எல்லாம் தெரியும் என்று வருகிற இடங்களையெல்லாம் தயவுசெய்து அடித்துவிட்டுப் படிக்கவும். குடைக்காரப் பெண்ணுக்குப் போன் செய்து வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்கு முன்பே போய், ஜன்னல் அம்மாளிடம் முதலில் கேட்க வேண்டும்.