‘நாட்டின் காது’ பெற்ற விருது

மனித குலத்துக்குக் காது படைக்கப்பட்டதன் நோக்கம் அந்தத் தொலைக்காட்சித் தொகுப்பாளர் பிறந்த பிறகுதான் நிறைவேறியது என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. இருந்திருக்கலாம்; சொல்ல அவர் இடம் கொடுத்ததில்லை.

அன்னாரின் பணி வரலாறு பல துறைகளைத் தழுவியது. முதலில் வானொலியில் வானிலை அறிக்கை வாசித்தார். புயல் கரையைக் கடந்து போன பின்பும் அவர் முன்னுரையில்தான் இருந்தார். நிர்வாகம் மகிழ்ந்து சமையல் நிகழ்ச்சிக்கு உயர்த்தியது. அங்கே உப்பின் அளவைச் சொல்ல வாரக்கணக்கில் முயன்ற சமையல்காரர் வேலையை விட்டுவிட்டார். அடுத்து வினாடி வினா. கேள்வியையும் பதிலையும் அவரே சொல்லிவிட்டதால் போட்டியாளர்கள் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். இத்தனை தகுதியும் ஒருங்கே அமைந்தவரைத்தான் ‘மனம் விட்டுப் பேசுங்கள்’ நிகழ்ச்சியில் அமர்த்தி, ‘நாட்டின் காது’ என்று சுவரொட்டி அடித்தார்கள்.

இந்நிலையில் அவர் மனைவிக்கு அவரிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருந்தது. வெளியூர்க் கிளைக்கு மேலாளராக அவளுக்குப் பதவி உயர்வு வந்திருந்தது; வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லியாக வேண்டும். ‘போகாதே’ என்று கணவர் ஒரு வார்த்தை சொன்னால் இருந்துவிடுவாள். ஆனால் “என்னங்க, ஆபீஸ்ல…” என்று அவள் வாயைத் திறந்தாலே, அலுவலகங்களின் எதிர்காலம் குறித்து அவர் உரையாற்றத் தொடங்கிவிடுவார். பொறுத்துப் பார்த்தவள், வியாழக்கிழமை நிகழ்ச்சிக்கே விருந்தினராக வந்து உட்கார்ந்தாள்.

வீட்டில் ‘நீ’, விளக்கு வெளிச்சத்தில் ‘நீங்க’ என்பது அவருடைய தொழில் தர்மம்.

“சொல்லுங்கம்மா, உங்க மனசுல என்ன பாரம்?”

“எனக்கு வெளியூருக்கு மாற்றல்…”

“புரியுது. தவிக்கிறீங்க. நானும் சின்ன வயசுல வீடு மாறினப்போ…” பழைய வீட்டின் ஜன்னல் கம்பிகள் வரை விவரித்தார்.

“நீங்க போகாதேன்னு ஒரு வார்த்தை…”

“ஒரு வார்த்தை. நேயர்களே, அதுக்குத்தான் எவ்வளவு பலம் பாருங்க. ஒரு சின்ன இடைவேளைக்கு அப்புறம் அதைப் பத்திப் பேசுவோம்.”

ஒப்பனைக்காரர் ஓடிவந்து அவர் நெற்றியில் பவுடரை ஒற்றினார். மனைவி குனிந்து கேட்டாள்: “இப்ப கேமரா ஓடல. போகவா, இருக்கவா?”

“இப்பவே பேசி முடிச்சிட்டா அப்புறம் சப்புன்னு போயிடும். மூஞ்சியை அப்படியே வெச்சுக்கோ, நல்லா இருக்கு.”

அவள் மைக்கைக் கழற்றி நாற்காலியில் வைத்தாள். கைப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இடைவேளை முடிந்து, ஒப்பனைக் கண்ணாடியிலிருந்து அவர் திரும்பினார். நாற்காலி காலி. ‘போகாதே’ என்று சொல்லத்தான் நினைத்தார். வாயைத் திறந்தும் சத்தம் வரவில்லை. “அண்ணே, ஏதாவது பேசுங்கண்ணே” என்று இயக்குநர் காதுக்கருவி வழியே கெஞ்சினார். அவரோ கண்ணீர் வழிய, நிகழ்ச்சி முடியும்வரை எதிரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

நாடே அழுதது. அவ்வாண்டின் ‘தலைசிறந்த செவிமடுப்பாளர்’ விருது அவருக்கே வழங்கப்பட்டது. விருந்தினர் பேச்சில் குறுக்கிடாத அவருடைய அரிய பண்பைப் பாராட்டுரை வெகுவாகப் புகழ்ந்தது. தேர்வுக் குழுவைக் குறை சொல்ல முடியாது. அவர் வாழ்நாளில் முழுதாகப் பேச விட்ட ஒரே விருந்தினர் அந்தக் காலி நாற்காலிதான்.