பூட்டிய அறையும் பம்பு வரிசையும்

யன்னல் கம்பிக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு பக்கத்து வீட்டு யோகநாதன் கேட்டார்: "பிள்ளை, அந்தப் பம்புக் கதையைக் கிளப்பின கள்ளன்ர பேர் வந்திட்டுதோ?"

சுதாஜினி மடிக்கணினியைப் படாரென்று மூடினாள். "மாமா, இதை ஒருத்தரும் பாக்கக் கூடாதெண்டு நேற்றே சொன்னனான்!"

"நான் எங்கை பாத்தனான்? சும்மா எட்டிப் பாத்தனான்."

எந்தப் பல்கலைக்கழகத்தையும் சேராத தனி ஆய்வாளர் அவள். ஏழு மாதம் மனுமேல் மனுப் போட்டு, ஒரு சமூக ஊடகக் கம்பனியிடம் தரவு வாங்கியிருந்தாள். 'விடிய ஆறு மணிக்குக் கமநல நிலையத்தில் இலவசத் தண்ணீர்ப் பம்பு' என்று போன போகத்தில் ஒரு வதந்தி கிளம்பியதே, அது பரவிய விதம்தான் ஆய்வு. அன்றைக்கு முத்தையன்கட்டு வாய்க்கால் பக்கத்தில் வயல் செய்யும் கமக்காரர் எல்லாரும் மத்தியானம் வரை வரிசையில் நின்று வெயிலில் காய்ந்தார்கள். யோகநாதன் மயங்கியே விழுந்தார்.

கம்பனி பெயர்களை எடுத்துவிட்டு, ஆளுக்கொரு இலக்கம் போட்டுத்தான் கொடுத்திருந்தது. அதுவும் அடுத்தவர் கண்ணில் பட்டால் அனுமதி ரத்து. அறிக்கைக்கு வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

"விதியெண்டா விதிதான்" என்று அப்பா நடராசா யன்னலுக்குப் படங்கு கட்டினார். கதவுக்குப் புதுப் பூட்டும் வாங்கி வந்தார். "ஒருத்தற்றை பேரும் வெளியிலை வரக் கூடாது, பிள்ளை."

வீட்டில் ஒருவராவது தன் வேலையை மதிக்கிறாரே என்று அவளுக்குக் கண் கலங்கியது.

படங்கு கட்டியதும் அறை வெந்தது. மடிக்கணினி சூடேறித் தானாக நின்றது. காற்றுக்குக் கதவைத் திறந்தால், யோகநாதனோடு இன்னும் நாலு பேர்.

"பேரே இல்லை மாமா! எல்லாம் நம்பர்தான்!" என்று கத்தினாள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"அப்ப என்ர நம்பர் என்ன?"

"சொல்லேலாது."

"சொல்லேலாதெண்டா, நம்பருக்கு ஏதோ கிடைக்குது!"

அப்பா மட்டும் தலையைச் சொறிந்தார்.

மறுநாள் விடிந்தும் விடியாததுமாகப் படலையில் ஒரே சத்தம். எட்டிப் பார்த்தாள். சந்தி வரை வரிசை. முதல் ஆளாக யோகநாதன், கையில் அடையாள அட்டை, இந்த முறை குடையும்.

"என்ன மாமா இது?"

"போனிலை வந்தது, பிள்ளை. உன்னட்டை நம்பர் எடுத்த ஆக்களுக்குத்தானாம் இந்தமுறை பம்பு. இண்டைக்கு வாய்க்காலிலை என்ர தண்ணி முறை. அதையும் விட்டிட்டு வந்து நிக்கிறன்."

சுதாஜினிக்கு அழுகையே வந்துவிட்டது. வதந்தியை ஆராயப் போய், அவளே வதந்தியாகிவிட்டாள். கம்பனியின் காதுக்கு இது எட்டினால் ஏழு மாதப் பாடும் வீண். இந்தக் கூட்டத்தைக் கலைக்க அப்பாவால்தான் முடியும். குசினிக்கு ஓடினாள்.

"அம்மா, அப்பா எங்கை?"

பத்மாசனி அடுப்பிலிருந்து புட்டை இறக்கிக்கொண்டே சொன்னாள்:

"கொப்பரோ? விடிய எழும்பி, போனிலை என்னவோ தட்டிப்போட்டு, மண்வெட்டியோடை வயலுக்குப் போயிட்டார். போன போகம் சனமெல்லாம் பம்புக்கு வரிசையிலை நிண்ட அண்டும் இப்பிடித்தான் போனவர். வாய்க்கால் தண்ணி முழுக்க எங்கட வயலுக்குத்தான் வந்தது."