பறந்த குண்டு கணக்கில் சேராது

துப்பாக்கியைக் கொண்டுதான் இனி என் மனைவியை வழிக்குக் கொண்டுவர முடியும் என்று மார்ச் மாதம் முதல் வாரத்தில் முடிவுசெய்தேன். போலீசுக்கு ஆள் அனுப்பாதீர்கள். முழுக்கக் கேளுங்கள்.

மார்லிஸ் மூன்று வருஷமாக என்னோடு சுடுமைதானத்துக்கு வருவதில்லை. அதற்கு முன்னால் ஒரு சனிக்கிழமை தவறியதில்லை. பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து, தொலைநோக்கியில் கண்ணை வைத்து, "மேல போச்சு", "வலது பக்கம் போச்சு" என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். ஒருநாள் என் குண்டு அரை அடி தள்ளிப் போனது. "நீ காபி ஊத்தின சத்தத்துலதான் பறந்துச்சு" என்றேன். அவள் காபிக் குடுவையை மூடினாள். அடுத்த சனிக்கிழமை வரவில்லை.

அவள் உட்கார்ந்த இடத்தில் இப்போது என் தொப்பியை வைக்கிறேன். தொப்பி வாயைத் திறப்பதில்லை. அறுபத்து நாலு வயசில் கட்டிய மனைவிக்காக ஏங்குகிறேன் என்று மொன்டானாவில் யாரிடம் சொல்வது? மாட்டிடம்கூடச் சொல்ல முடியாது, சிரிக்கும். "வாயேன், மார்லிஸ்" என்று ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாம். அதற்குப் பதிலாகப் புதுத் துப்பாக்கி வாங்கினேன்.

சாதாரணத் துப்பாக்கி இல்லை. தொழிற்சாலையிலேயே குறி பார்த்துச் செய்தது. நூறு கஜத்தில் எல்லாக் குண்டும் ஒரு அங்குலத்துக்குள் விழும் என்று பெட்டிக்குள்ளேயே உத்தரவாதச் சீட்டு. சாக்குப்போக்கு சொல்லத் தேவையில்லாத துப்பாக்கி இருந்தால் மார்லிஸ் வராமலா போவாள்?

பக்கத்துப் பண்ணை ஓரின் வந்து தடவிப் பார்த்தான்.

"மூணு குண்டு சுடு வெர்லின். நல்லா வந்த தாளைப் பர்ஸுல வை. அவ்வளவுதான் துப்பாக்கி."

"நல்லா வரலைன்னா?"

"அது பறந்த குண்டு. கணக்குல சேராது."

எங்கள் ஊரில் பர்ஸில் மனைவி படம் இருக்காது. மூன்று ஓட்டை விழுந்த காகிதம் இருக்கும். ஓரின் பர்ஸில் இருக்கும் தாளில் மூன்று ஓட்டையையும் ஒரே பத்து சென்ட் காசு வைத்து மறைத்துவிடலாம். எட்டு வருஷமாக அதைக் காட்டிக்கொண்டிருக்கிறான். அந்த எட்டு வருஷத்தில் அவன் ஒரு எல்க் மானைக்கூட வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை.

அன்று சாயங்காலம் மார்லிஸ் அடுப்பில் இறைச்சிக் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். நான் மெதுவாகப் பந்தயத்தைப் போட்டேன்.

"இந்தத் துப்பாக்கி ஒரு அங்குலத்துக்குள்ள சுட்டா, நீ சனிக்கிழமை சனிக்கிழமை மைதானத்துக்கு வரணும்."

"சுடலைன்னா?"

"சுடும்."

"சரி, வரேன். ஆனா எப்படி அளக்கறதுன்னு நான்தான் சொல்வேன்."

"அதுல என்ன இருக்கு, மூணு குண்டு..."

"அஞ்சு தாள். தாளுக்கு அஞ்சு குண்டு. ஒண்ணுகூடப் பறக்கக் கூடாது."

"இருபத்தஞ்சா? மார்லிஸ், இது துப்பாக்கி, விதை மூட்டை இல்ல."

"நானூறு விதை போட்டா நானூறையும்தான் எண்ணணும். முளைச்சதை மட்டும் எண்ணினா ஊர்ல இருக்கறதெல்லாம் நல்ல விதைதான்."

முப்பது வருஷம் விதைப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள். அவளிடம் நான் ஒருநாளும் கணக்குப் பேசியிருக்கக் கூடாது. கைப்பிடித் துணியால் கையைத் துடைத்துக்கொண்டு, அலமாரியிலிருந்து குறிபார்த்துச் சுடும் தாள் ஒரு கட்டு எடுத்துக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன்.

அஞ்சு தாள்தானே கேட்டாள்? எந்த அஞ்சு என்று கேட்கவில்லையே. அந்த வாரம் முழுக்க மைதானமே கதி என்று கிடந்தேன். இருபத்து மூன்று தாள் சுட்டேன். திங்கட்கிழமை காற்று. செவ்வாய்க்கிழமை தும்மல். புதன்கிழமை குழல் குளிர்ந்திருந்தது, வியாழக்கிழமை அதே குழல் சூடாக இருந்தது. எப்படியோ தேறிய அஞ்சு தாளை உருவி எடுத்து, மற்றதை அன்றன்றைக்கே அடுப்பு பற்றவைக்கும் சுள்ளிப் பெட்டியில் திணித்தேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் அந்த அஞ்சையும் சீட்டுக்கட்டு மாதிரி மேசைமேல் விரித்தேன்.

மார்லிஸ் ஓட்டைகளைப் பார்க்கவே இல்லை. ஒவ்வொரு தாளாகத் திருப்பினாள்.

"நாலு. ஒம்பது. பதினொண்ணு. பதினேழு. இருபத்திரண்டு."

"என்னது அது?"

"நீ துப்பாக்கி வாங்கின அன்னைக்கே எல்லாத் தாளுக்கும் பின்னாடி பென்சில்ல நம்பர் போட்டு வெச்சுட்டேன். ஒண்ணும் ரெண்டும் எங்க, வெர்லின்?"

"காத்துல பறந்துடுச்சு."

"மூணு?"

"அதுவும்தான்."

"தாளுமா பறக்குது?"

சுள்ளிப் பெட்டியைத் திறந்து மீதி பதினெட்டையும் எடுத்தாள். இருபத்து மூன்று தாளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். ஓட்டைகளை ஒவ்வொன்றாக மேல் தாளில் பென்சிலால் புள்ளி வைத்தாள். நூற்றுப் பதினைந்து புள்ளி. தாளுக்கு அம்மை போட்டதுபோல் ஆயிற்று. அளந்து பார்த்தாள். மூன்றரை அங்குலம்.

மானம் போனதுகூடப் பெரிதில்லை. நாளைக்கு சனிக்கிழமை. மறுபடியும் தொப்பிதான்.

"துப்பாக்கி மட்டம்" என்றேன். "திருப்பி அனுப்பிடறேன். கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான்."

"விதை முளைக்கலைன்னா விதை மேல மட்டும் பழி போட மாட்டோம். மண்ணையும் மாத்திப் பார்ப்போம். சாவி எங்க?"

வண்டியை அவள்தான் ஓட்டினாள். மைதானத்தில் யாருமில்லை. மலை உச்சியில் இன்னும் பனி இருந்தது. பெஞ்சிலிருந்த மணல் மூட்டையைத் தட்டிச் சரிசெய்து, துப்பாக்கியை எடுத்துக் கன்னத்தில் சாய்த்தாள். கோதுமைப் பண்ணையில் பிறந்தவள். வயலைத் தோண்டும் அணிலைக் குறி தவறாமல் சுட்டு, அதற்காக அப்பாவிடம் மிட்டாய் வாங்கித் தின்று வளர்ந்தவள். கல்யாணமான பிறகு ஏன் சுடவில்லை என்று நான் கேட்டதேயில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாளே, அது போதுமென்று நினைத்துவிட்டேன்.

அஞ்சு தாள், இருபத்தஞ்சு குண்டு. அவசரப்படவில்லை, தும்மவில்லை, காற்றைத் திட்டவில்லை. தாள்களைக் கழற்றி வந்து, விதை அளக்கும் சின்னப் பித்தளைக் கருவியை என் கையில் கொடுத்தாள்.

"நீயே அள."

அளந்தேன். இருப்பதிலேயே மோசமான தாள் முக்கால் அங்குலம். பெஞ்சின்மேல் கிடந்த அந்தத் துப்பாக்கிக்கு முன்னால் தலைகுனிந்தேன். அப்புறம்தான் உறைத்தது.

"மார்லிஸ், துப்பாக்கி ஒரு அங்குலத்துக்குள்ள சுட்டுடுச்சு."

"ஆமா."

"அப்ப பந்தயப்படி..."

"சனிக்கிழமை சனிக்கிழமை வரேன். மைதானத்து கிளப்புல என் பேரை நேத்தே பதிஞ்சுட்டேன்."

"நேத்தா?"

"துப்பாக்கி நல்ல துப்பாக்கின்னு நேத்து அடுப்பு பத்தவைக்கச் சுள்ளிப் பெட்டியத் திறந்தப்பவே தெரியும். தள்ளிப் போனதெல்லாம் ஒரே பக்கம், வலது கீழ. நீ விசையை வெடுக்குனு இழுக்கற."

துப்பாக்கி ஒன்றுதான் இருந்தது. அது இப்போது யார் கையில் இருக்கிறது என்று சொல்ல வேண்டியதில்லை. தொலைநோக்கிக்குப் பின்னால் நான் உட்கார்ந்தேன். அவள் தோள் என் தோளில் பட்டது. மூன்று வருஷ ஏக்கத்தை மறைக்கத் தோன்றவில்லை.

"நீ இல்லாம இந்த பெஞ்சே நல்லாயில்ல" என்றேன்.

"இதை முதல்லயே சொல்லியிருந்தா வந்திருப்பேன். நீ கூப்பிடுவேன்னு மூணு வருஷமா பார்த்துட்டு இருந்தேன்."

எனக்கு மனசு நிறைந்திருந்தது. வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம்.

"அதுசரி, மூணு குண்டை நம்பக் கூடாதுன்னு உனக்கு ஏன் இவ்வளவு பிடிவாதம்? விதைக்கூடத்துல கத்துக்கிட்டதா?"

மார்லிஸ் துப்பாக்கிக்குள் அடுத்த குண்டைப் போட்டாள்.

"இல்ல. கல்யாணத்துக்கு முன்னாடி உன்னை மூணே தடவைதான் பார்த்தேன்."