ரசமட்டமும் முப்பத்தாறு அடியும்

போடிநாயக்கனூரில் எதையும் மட்டமாக இருக்கிறது என்று நம்பாத ஒரே மனிதர் ரசமட்டம்தான். கொத்தனார். தளம் சாய்கிறதா என்று குமிழியைப் பார்த்துச் சொல்லும் அந்தக் கருவியை எப்போதும் இடுப்பில் செருகியிருப்பார். அந்தக் கருவியின் பெயரே அவர் பெயராகிவிட்டது; சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும். பெண் பார்க்கப் போன வீட்டுச் சுவரில் அதை வைத்து, அரை இஞ்சு சாய்கிறது என்றார். பெண் கிடைக்கவில்லை, சுவரைப் பூசும் வேலை கிடைத்தது.

எங்கள் பள்ளியில் தண்ணீர்த் தொட்டி கட்ட வந்தார். அப்போது மலர்விழி எட்டாம் வகுப்பு. நடக்க முடியாது, சக்கர நாற்காலி. மூன்றடி உயர வராண்டாவுக்கு எட்டடியில் ஒரு சரிவுப் பாதை கட்டி, பெயிண்ட் அடித்து, போட்டோவும் எடுத்திருந்தோம். ஏலக்காய் மூட்டையோடு குரங்கணி மலை ஏறி இறங்குகிற ஊர். அது செங்குத்து என்று யாருக்கும் உறைக்கவே இல்லை. தினமும் அவள் அப்பாதான் நாற்காலியோடு தூக்கி மேலே வைத்துவிட்டு எஸ்டேட் ஜீப்பைப் பிடிக்க ஓடுவார்.

ஒருநாள் அவள் என்னிடம் சொன்னாள்: “வயசுப்புள்ளைய எல்லாரும் பாக்கத் தூக்கிட்டுப் போறாக டீச்சர். இந்த வருசத்தோட நின்னுக்கிறேன்.”

தொட்டியடியில் இருந்த ரசமட்டத்தின் காதில் அது விழுந்துவிட்டது. மலரிடம் கேட்டு, அவள் பெஞ்சுக்கு மாறியதும் நாற்காலியில் தானே உட்கார்ந்து சரிவில் ஏறினார். பாதி தூரம்தான். அப்படியே பின்னால் உருண்டு வந்து தலைமையாசிரியரின் பைக்கில் மோதி, பைக்கோடு சாய்ந்தார். கிடந்தபடியே ரசமட்டத்தை உருவிச் சரிவில் வைத்துப் பார்த்தார். மலர் விழுந்து விழுந்து சிரித்தாள்.

தலைமையாசிரியர் வாயைத் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார். “ஓரடி ஏத்தத்துக்குப் பன்னெண்டு அடி ஓட்டம் வேணும் சார். மூணடிக்கு முப்பத்தாறு.”

அவ்வளவு இடத்துக்கு எங்கே போவது என்றார் தலைமையாசிரியர்.

“போடிமெட்டுக்கு ஜீப்பு நேராவா ஏறுது? வளச்சுக் கட்டுவோம். ஒங்க பைக் செட்டுதான் குறுக்க நிக்கிது.”

பைக் நிறுத்தும் அந்தக் கொட்டகை போனது. கொண்டை ஊசி வளைவோடு, வளைவில் இளைப்பாற மட்டமான ஓர் இடத்தோடு பாதை வந்தது. அதிலும் ஓரிடத்தில் அரை இஞ்சு கூடிவிட்டதென்று, கட்டியதைத் தானே உடைத்துத் திரும்பக் கட்டினார். வேலை இன்னும் இழுக்கிறதே என்று எங்களுக்கு அழுகையே வந்துவிட்டது.

முதல் நாள் எல்லோரும் தள்ளிவிட ஓடினோம். “யாரும் கை வைக்காதீக” என்று மறித்தார். மலர் தானே உருட்டினாள். வளைவில் மூச்சு வாங்கினாள், திரும்பினாள், மேலே போய்ச் சேர்ந்து, கீழே நின்ற அப்பாவைப் பார்த்துச் சொன்னாள்:

“அப்பா, நீங்க சோலியப் பாக்கப் போங்க. இனிமே நானே ஏறிக்கிறேன்.”

மணி அடித்தும் நான் வகுப்பைத் தொடங்கவில்லை. அந்தக் கிறுக்குக் கொத்தனார் சுவர்ப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் முடிக்கட்டும் என்று காத்திருந்தேன்.