கறுப்புக் கொள்ளுப்பாட்டியின் துண்டு

ஃபோகு தீவில், எரிமலை அடிவாரத்தில் குடியிருக்கும், என் மருமகளைப் பெற்ற சம்பந்தி தொமித்தீலியா அவர்களுக்கு, சாந்தியாகு தீவிலிருந்து பல்பினா மரியாதையுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் ஆடுகளும் சுகம். உங்கள் முழங்கால் குணமாக மாதாவிடம் வேண்டிக்கொண்டேன். அதற்காகக் கல்யாணத்தன்று நீங்கள் பேசியதை மறந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம்.

ராட்டர்டாமில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள், பேத்தி லியானியை இந்த மழைக்காலம் முழுக்க ஊரில் விட்டுப்போகப் போகிறார்கள். "சாந்தியாகுவுல கொசு, மலேரியா வரும், குழந்தை எங்கிட்டதான் இருக்கணும்" என்று மகளிடம் சொன்னீர்களாம். கேளுங்கள். சிலேனி என்று ஒரு ஆராய்ச்சிக்காரப் பெண் போன வருஷம் பரம்பரைச் சோதனைக்கென்று எல்லாத் தீவிலும் எச்சில் வாங்கிக்கொண்டு போனாள், நீங்கள் கொடுத்திருக்க மாட்டீர்கள், கல்யாண விருந்துக் கச்சூப்பாக் கஞ்சியிலேயே கறி போடாதவர். முடிவைச் சொல்ல நேற்று வந்தவள் என் தோளில் கிடந்த நீலமும் வெள்ளையுமான துணியைப் பிடித்துக் காட்டினாள்.

"நாமல்லாம் இப்படித் துண்டு துண்டா சேர்த்துத் தெச்ச துணிதான் பாட்டி. ஆப்பிரிக்கக் கொள்ளுப்பாட்டியோடது கொஞ்சம், போர்த்துகீசியத் தாத்தாவோடது கொஞ்சம், ஆளுக்கு ஆள் மாறிக் கெடக்கும். ஆனா இந்தத் தீவு ஆளுங்களை ஒண்ணா வெச்சுப் பார்த்தா, உடம்புக்குள்ள இருக்கற அந்தத் துணியில ஒரே ஒரு எடத்துல மட்டும் கொள்ளுப்பாட்டியோடது எக்கச்சக்கமா இருக்கு. ரெண்டு பக்கமும் கலந்து இருபது தலைமுறைதான் ஆச்சு, அதுக்குள்ள இது தானா நடக்காது. அந்தத் துண்டு ஒருவகை மலேரியாவ அண்ட விடாது."

"ஃபோகுவுல?" என்று கேட்டேன்.

"அங்க மலேரியா இல்ல. அதனால அந்த எடத்துலயும் கலந்தது கலந்தபடி கெடக்கு."

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. கூடத்தில் பச்சைக்கண் தாத்தா படத்தை மாட்டிவைத்துக்கொண்டு, "மாப்பிள்ளை இன்னும் கொஞ்சம் வெளுப்பா இருந்திருக்கலாம்" என்றீர்களே, எங்களைக் காப்பாற்றியது கறுப்புக் கொள்ளுப்பாட்டி! ஆகையால் குழந்தை என்னிடம்தான். கட்டில் தயார்.

மாதா உங்களுக்கு நீண்ட ஆயுளும் கொஞ்சம் அடக்கமும் தரட்டும்.

இப்படிக்கு,
பல்பினா

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டும் நேரத்தில் சிலேனி விடைபெற வந்தாள். "அந்த எடத்துல தாத்தாவோட துண்டு வந்தவங்கல்லாம் எங்கடி போனாங்க?" என்று கேட்டேன். தரையைப் பார்த்தாள். "காய்ச்சல்ல நெறைய பேரு சின்ன வயசுலயே போயிருப்பாங்க பாட்டி."

என் தம்பி ஜித்தோவுக்கு அப்போது மூன்று வயது. ஒருநாள் விட்டு ஒருநாள் குளிர்க்காய்ச்சல். என் மடியில்தான் போனான்.

லியானி பாதி எங்களுடையவள், பாதி உங்களுடையவள். அவளுக்கு எந்தத் துண்டு வந்தது என்று கேட்டேன். "இது ஊரையே சேர்த்துப் பார்க்கறது பாட்டி, ஒரு குழந்தையப் பத்தி எங்களால சொல்ல முடியாது" என்றாள்.

மழை ஓயும்வரை குழந்தை உங்களிடமே இருக்கட்டும். நானும் கப்பலேறி வருகிறேன். அவள் படுக்கைக்கு ஒருபக்கம் நீங்கள், மறுபக்கம் நான். சண்டையை அவள் தூங்கிய பிறகு மெல்லிய குரலில் வைத்துக்கொள்வோம்.